புகைக்குழாயைத் தலைகீழாகக் கோத்தேன்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மலேசியாவின் கோலசிலாங்கூரில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த தகரக் கடையில், வாடிக்கையாளரிடம் பேசுவது முதலாளியான தவுக்கேயின் வேலை, கூரைமேல் ஏறுவது என் வேலை. கூரைமேல் யாரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் முருகையா. வெல்டிங் பட்டறையிலிருந்து இந்தக் கடைக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, நாற்பது வயதிருக்கும். போன மாதம் கடைப்பக்கம் போயிருந்தேன். இப்போது அடுப்புப் புகைக்குழாயைக் கடையில் தகடு வளைத்துச் செய்வதில்லை. தொழிற்சாலையிலிருந்து எவர்சில்வரில் பளபளவென்று வருகிறது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்ட, ஒவ்வொரு குழாயிலும் ஓர் அம்பு ஒட்டியிருக்கிறார்கள். முருகையா மூன்று குழாய்களைச் சுவரில் சாய்த்துக் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றிலும் அம்பு தரையைப் பார்த்தது.

"அம்பு மேல பார்க்கணும், தம்பி," என்றேன்.

"அப்படி வெச்சா மூட்டு வழியா மழைத்தண்ணி உள்ள போயிரும்லக்கா. கூரை போடுற நமக்குத் தெரியாததா, ஸ்டிக்கர் ஒட்டுறவனுக்குத் தெரியப்போவுது?" என்று சிரித்தார்.

என் காது சூடாகிவிட்டது. அதே கணக்கைப் போட்டு ஒரு பெண்ணின் பிழைப்பை நிறுத்தப் பார்த்தவள் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்றதால் வார்த்தை வரவில்லை. கடையை இப்போது நடத்தும் தவுக்கேயின் மகள் மெய் லிங் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேச வேண்டாம் அக்கா, எழுதிக் குடுங்க," என்றாள். எழுதுகிறேன்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தேன். பிறகு எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கினேன். தோட்டம் கைமாறி, லய வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது வீட்டுக்காரரும் நானும் டவுனுக்கு வந்தோம். தகரக் கடையில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். ஒருநாள் தவுக்கே என்னை நிறுத்தி, "சரசு, நீ எத்தனை கிலோ?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பத்திரண்டு என்றேன்.

"அப்போ நீ மேல ஏறு. நான் ஏறினா கூரை பள்ளமாயிருது."

என் பயிற்சி அவ்வளவுதான்.

தவுக்கே சீனர். அவருடைய அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ் அவர் வாயில் தானாக வரும். ஆனால் வேலையை விளக்கிச் சொல்கிற வழக்கம் அவருக்கு எந்த மொழியிலும் கிடையாது. தகரம் வெட்டும் கத்தரியின் பிடியால் ஒரு தட்டு தட்டினால் வேலை சரி. இரண்டு தட்டு தட்டினால் தப்பு. தப்பென்றால் திட்ட மாட்டார். செய்ததை அவரே நம் கண் முன்னால் பிரித்து, துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு எதிர்க் கடைக்குக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் எது தப்பு என்று நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். கோப்பியை அவர் மெதுவாகத்தான் குடிப்பார்.

இப்படித்தான் கூரை வேலை முழுவதும் படித்தேன். கூரைக்கு ஒரே சட்டம்: மேலே இருக்கிற தகடு கீழே இருக்கிற தகட்டின்மேல் ஏறிப் படுக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தகட்டுக்குத் தகடு இறங்கி ஓடும். மாற்றிப் போட்டால் வீட்டுக்குள் ஓடும். இது என் கைக்கே பழகிவிட்டது.

அடுப்புப் புகைக்குழாயை மட்டும் தவுக்கே தன் கையாலேயே கோப்பார். பாசிர் பெனம்பாங்கில் இறால் அவிக்கிற கொட்டகைகளில் விறகு அடுப்பு உண்டு. அங்கெல்லாம் அவர் உள்ளே ஏணியில் நின்று குழாயை ஏற்றுவார். நான் கீழேயிருந்து துண்டுகளை எடுத்துக் கொடுப்பேன், பிறகு கூரைக்குப் போய்விடுவேன். கரி இருட்டில் எனக்கு முதுகு காட்டி நின்று, எந்த முனையை மேலாக்கினார், எதைக் கீழாக்கினார் என்று நான் கவனித்ததே இல்லை. குழாயை வளைக்காமல் நேராக ஏற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதையும் அவர் சொல்லித்தான். "புகைக்கு முட்டி வெக்காத சரசு. எனக்கு ரெண்டு முட்டி இருந்து நான் படுறது போதும்."

அந்த முட்டிக்கு ஆப்பரேஷன் செய்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில்தான் மல்லிகாவின் வேலை வந்தது. ஏழெட்டு வருஷம் இருக்கும்.

மல்லிகா புக்கிட் ரோத்தான் பக்கம், தோட்டத்து ஆட்கள் வாங்கிக் குடியேறிய வீடுகளில் ஒன்றில் இருந்தார். வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் பெரிய அண்டாவில் அவித்து, சுங்கை பெசாரிலிருந்து புஞ்சாக் ஆலாம் வரை பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைகளில் விற்கிறவர்களுக்குக் கொடுப்பார். மணிக்கணக்காக அவிய வேண்டும். கேஸில் அவித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது; பக்கத்துப் பட்டறையில் கழித்த பலகைதான் விறகு. கணவர் இறந்த பிறகு வீடு ஓடியது அந்த அண்டாவை நம்பித்தான்.

புகை வேலியைத் தாண்டிக் காமாட்சியின் வீட்டுக்குள் போனது. காமாட்சிக்கு என் வயது. துணி காயப்போட்டால் கரி, ஜன்னல் திறந்தால் இருமல். பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவர் மாவட்ட மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டார். அதிகாரி வந்து பார்த்து, கூரைக்கு மேலே புகையை ஏற்றிவிடும்படி குழாய் போடச் சொன்னார். வியாழக்கிழமை காலை திரும்ப வருவேன், அப்போதும் புகை அடுத்த வீட்டுக்குப் போனால் இங்கே அவிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நாங்கள் போனோம். மெய் லிங் லோரி ஓட்டினாள். வருஷக் கடைசி மழை, ஐந்து நாளாக விட்டபாடில்லை. நம் ஊரில் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த மாதிரி மழையில், கடற்காற்றும் வீசும்போது, தகரக் கூரையில் கை வைத்துப் பாருங்கள். விரல் மரத்துப் போய்த் திருகாணி எங்கே விழுந்தது என்றே தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து தவுக்கே மகளுடைய கைப்பேசிக்குக் கூப்பிட்டார். "சரசுகிட்ட குடு," என்றார். "குழாய் கோக்கத் தெரியும்ல?"

மல்லிகா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எந்த முனை மேலே என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. "தெரியும், தவுக்கே," என்று சொல்லிவிட்டேன்.

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அடுப்பின் பின்பக்கம் புகை போகும் வாயிலிருந்து நேர் மேலே தூக்குக்குண்டு பிடித்துக் கூரையில் குறி வைத்தேன். மரச்சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முழம் இருக்க வேண்டும். குறைந்தால் ஒருநாள் சட்டம் புகையும். முழங்கையை வைத்துப் பார்த்தேன், நாலு விரல் குறைந்தது. அடுப்பை நாலு விரல் நகர்த்தினோம். மறுபடி குறி வைத்து, அதில் கீழிருந்து ஆணி அடித்து, மேலே ஏறி, ஆணி முனையைச் சுற்றி வட்டம் வரைந்து, குழாயைவிட இரண்டு விரல் அகலமாக வெட்டினேன். சூட்டில் குழாய் நீளும், அசையும். இறுக்கிப் பிடித்தால் கூரையைக் கிழித்துவிடும்.

ஓட்டையைச் சுற்றி ஒரு தகட்டை விரிக்க வேண்டும். கடையில் அதைப் பாவாடை என்போம். பாவாடையின் மேல் விளிம்பு மேல் தகட்டுக்கு அடியில் நுழையும், கீழ் விளிம்பு கீழ் தகட்டின்மேல் படுக்கும். நெளிவுக்கு நெளிவு மரச்சுத்தியால் தட்டி ஒட்ட வேண்டும். ஈரத் தகரத்தில் பசை பிடிக்காது. ஆகவே கென்வாஸ் கட்டி மழையை மறைத்து, துணியால் துடைத்து, சின்ன கேஸ் ஊதுவிளக்கின் நெருப்பைத் தள்ளிப் பிடித்துக் காட்டி, புறங்கைக்கு இளஞ்சூடு தெரிந்த பிறகுதான் பசையை வைத்தேன். அன்று முழுக்க மழையில் அந்தப் பாவாடை ஒரு சொட்டு விடவில்லை.

குழாயைக் கோக்கும்போது கை தானாகக் கூரை வேலையின் விதிக்குப் போய்விட்டது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு முனை சுருக்கி, நெளிநெளியாக இருக்கும். மறு முனை அகலமாக இருக்கும். மேல் குழாயின் அகல முனையைக் கீழ் குழாயின்மேல் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டே போனேன். அடுப்பின் வாயில் முதல் குழாய் உட்காராமல் முரண்டு பிடித்தது. அந்த வாய்க்குள் இறங்குவதற்காகவே சுருக்கிய முனை இருக்கிறது. நான் அதை மேலே திருப்பி வைத்திருக்கிறேன். தட்டித் தட்டி உட்கார வைத்தேன். பொருள் பொருந்த மாட்டேன் என்று சொன்னால் அது நம்மிடம் பேசுகிறது என்று அர்த்தம். நான் சுத்தியால் அதன் வாயை அடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நன்றாக எரிந்தது. புதன்கிழமை மத்தியானம் மல்லிகா போன் செய்தார். அழுகிற குரல்.

போய்ப் பார்த்தோம். குழாயின் வெளிப்புறத்தில் கறுப்பாக ஏதோ கோடு கோடாக வழிந்து, அடுப்பருகே காய்ந்து நாறியது. ஒரு மூட்டிலிருந்து சொட்டி அண்டாவுக்குள் விழுந்திருந்தது. கடலை அத்தனையும் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி வாடை.

வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு காமாட்சி. "குழாய் போட்டா எல்லாம் சரியாயிரும்னாங்க. இப்போ புகையும் வருது, தண்ணியும் வருது. அடுத்து என்னம்மா, நெருப்பா?"

"கொஞ்சம் சும்மா இருங்க லா," என்றார் மல்லிகா. பிறகு என்னிடம், "கூரை ஒழுகுதுக்கா. இன்னும் கொஞ்சம் பசை வெச்சு விடுங்க. காலையில பத்து மணிக்கு ஆபீசர் வந்துருவாரு."

ஏணியில் ஏறிப் பாவாடைக்கு அடியில் துணியை விட்டுத் துடைத்தேன். துணி வெறும் தூசோடு வந்தது. ஓர் ஆள் உயரம் இறங்கி மூட்டில் அதே துணியை ஒற்றி எடுத்து விரலால் தொட்டேன். பிசுபிசுப்பு. மழைத்தண்ணீருக்கு அந்த நாற்றம் கிடையாது. குளிர்ந்த கிளாஸின் வெளியே நீர் கோக்கிற மாதிரி, குளிர்ந்த குழாயின் உள்ளே புகை வியர்த்திருக்கிறது. ஈர விறகு, கடலையின் ஆவி, வெளியே மழை; வியர்க்காமல் என்ன செய்யும். அந்தக் கரித்தண்ணீர் உட்சுவரோடு இறங்கி வந்து, நான் கவிழ்த்து வைத்த மூட்டில் வழி கிடைத்து வெளியே வந்துவிட்டது. மேல் குழாய் கீழ் குழாய்க்குள் இறங்கியிருந்தால் அது உள்ளேயே ஓடி, அடுப்பில் விழுந்து எரிந்து போயிருக்கும். கூரையில் தண்ணீர் வெளியே ஓடுகிறது. புகைக்குழாயில் உள்ளே ஓடுகிறது. ஏணியில் நின்றபடி அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பசைக்குழல் என் பையில் இருந்தது. ஒவ்வொரு மூட்டிலும் வெளியே ஒரு சுற்று பூசினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதிகாரி வந்து போய்விடுவார். மல்லிகா கேட்டதும் அதைத்தான். யாருக்கும் தெரியாது. பிறகு சூட்டில் பசை உரிந்து, அண்டாவில் மறுபடி சொட்டும். அந்தக் கடலையைச் சந்தையில் யாராவது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு தடவை அப்படி நடந்தால் மல்லிகாவிடம் யாரும் கடலை வாங்க மாட்டார்கள்.

இறங்கினேன். பேச வேண்டிய இடத்தில் தவுக்கே இல்லை.

"கூரை ஒழுகல," என்றேன். "நான்தான் குழாயத் தலைகீழா கோத்துட்டேன். பசை வெச்சா நாளைக்கு நிக்கும், அப்புறம் நிக்காது. எல்லாத்தையும் கழட்டித் திருப்பிப் போடணும்."

மல்லிகா என்னையே பார்த்தார். "திங்கக்கிழம தெரியும்னு சொன்னீங்களே, அக்கா."

"வெட்கத்துல சொல்லிட்டேன். தெரியாது."

"நாளைக்கு மட்டும் தள்ளிவிட்டுட்டு அப்புறம் கழட்டலாமே."

"நீங்க நாளைக்கே அடுத்த அண்டா போடுவீங்க. அது சொட்டும்."

"இப்போ கழட்டிட்டு, முடியாமப் போச்சுன்னா?"

"முடிச்சிட்டுத்தான் போவேன்," என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில் மெய் லிங்கே திரும்பிப் பார்த்தாள்.

மல்லிகா ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அடுப்பில் அவரே ஊற்றினார்.

மணி இரண்டரை. குழாய் ஆறுவதற்குள் கூரைமேல் ஓர் ஏணியைப் படுக்க வைத்து, அடியில் சாக்கு போட்டு, என் இடுப்பில் கயிறு கட்டி மறுபக்கத் தூணில் முடிச்சுப் போட்டோம். மெய் லிங் உள்ளே நின்று குழாயை வாங்க வேண்டும். மல்லிகா கயிற்றைப் பிடிக்க வேண்டும். சுவரில் சாய்த்த ஏணிக்கு ஆள் இல்லை.

வேலியின் கதவு கிறீச்சென்றது. காமாட்சி குடையை மடக்கிவிட்டு வந்து ஏணியைப் பிடித்தார். "நீங்க விழுந்தா என் வேலி மேலதான் விழுவீங்க. போன வருஷந்தான் புதுசா போட்டேன்."

குழாயின் உச்சியில் இருந்த மழைத் தொப்பியைக் கழற்றினேன். ரிவிட்டுகளைத் துளைத்தெடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு குழாயாகப் பிரித்தோம். தரையில் வரிசையாக அடுக்கி, உள்ளே துணி சுற்றிய கம்பால் கரியைத் துடைத்தோம். பிறகு எல்லாவற்றையும் திருப்பினேன். சுருக்கிய முனை கீழே, அகல முனை மேலே. முதல் குழாயை அடுப்பின் வாயில் வைத்தேன். திங்கட்கிழமை என் கை வலிக்கத் தட்டினேனே, அதே வாய். ஒரு தட்டும் இல்லாமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அடுத்தது அதற்குள், அதற்கடுத்தது அதற்குள். மூட்டுக்கு மூன்று ரிவிட்.

முருகையா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மழை படுகிற இடத்தில் மூட்டே வரக் கூடாது. நீளமான குழாயைக் கடைசியாக வைத்தால், அது கூரைக்கு அடியிலேயே மூட்டில் இறங்கி, கூரையைத் தாண்டி ஒரே துண்டாக மேலே போய்விடும். பாவாடைக்கு மேலே குழாயின் கழுத்தில் ஒரு பட்டி, உச்சியில் தொப்பி. அதையும் மீறி இரண்டு சொட்டு மழை உள்ளே போனால் அடுப்பு குடித்துவிடும்.

கழுத்துப் பட்டிக்குப் பசை வைக்கும்போதுதான் சோதனை. காற்று கென்வாஸை மூன்று தடவை பிடுங்கியது. ஒவ்வொரு தடவையும் துடைத்துச் சூடாக்கின இடம் நனைந்துபோனது. நானும் மூன்று தடவை முதலிலிருந்து துடைத்தேன். நாலாவது தடவை கென்வாஸின் ஒரு மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டு பசையை ஓட்டி முடித்தேன். விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கீழே இறங்கியபோது என் விரல்கள் மடங்கவில்லை. காமாட்சி ஏணியை விடவே இல்லை. சேலை முழுக்க நனைந்திருந்தது. "காயப்போட்டா கரி படியாம இருந்தாச் சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எட்டரைக்கே போய்விட்டேன். தூறல் நிற்கவில்லை. குழாய் ஐஸ் மாதிரி இருந்தது. குளிர்ந்த குழாயில் புகை ஏறாது, திரும்பி விழும். முதலில் செய்தித்தாளைக் கசக்கிக் குழாயின் அடிவாயில் வைத்துக் கொளுத்த வேண்டும். அது குழாயைச் சூடாக்கும். மல்லிகா அண்டாவை அடுப்பில் ஏற்றினார். நான் இரண்டு தாளைக் கொளுத்தினேன். புகை கொட்டகைக்குள்ளேயே சுருண்டது. அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கார் வந்து நின்றது. பத்து மணி என்றவர் ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டார்.

மல்லிகாவின் கை பெரிய விறகுக்குப் போனது.

"வேணாம்," என்றேன். "இன்னும் ரெண்டு தாள்."

அதிகாரி வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மூன்றாவது தாள் எரிந்தது. நாலாவது. குழாய் டக் டக்கென்று சூட்டில் நெளிந்தது. பிறகு அடுப்புக்குள் ஒரு உறுமல் கேட்டது. கொட்டகையில் தொங்கிய புகை முழுவதும் அடுப்பை நோக்கித் திரும்பியது. சின்ன விறகாக வைத்தேன், பிறகு பெரியது. வெளியே போய்ப் பார்த்தோம். தொப்பிக்கு மேலே புகை எழும்பி, எந்த வீட்டையும் தொடாமல் செம்பனைப் பக்கம் போனது.

அதிகாரி அவசரப்படவில்லை. கடலை அவிகிற அத்தனை நேரமும் போய்ப் போய்த் திரும்பி வந்து மூட்டுகளில் கைக்குட்டையை ஒற்றிப் பார்த்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. யார் போட்டது என்று மலாயில் கேட்டார். மெய் லிங் வாய் திறப்பதற்கு முன் "நான்" என்றேன். முதலில் தப்பாகப் போட்டதையும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு வேலிப்பக்கம் போனார். புகார் கொடுத்தவர் சொல்லாமல் அவர் அனுமதி எழுத மாட்டார்.

"எப்படி, அக்கா? புகை வருகிறதா?"

காமாட்சி தாழ்வாரத்துக் கொடியில் கிடந்த நேற்றைய சேலையை முகர்ந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். மல்லிகா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். "புகை இல்ல," என்று மலாயில் சொன்னார் காமாட்சி. "ஆனா அந்தக் கடலையில நேத்து வாடை இருந்திச்சு. அதையும் பார்க்கணும்ல."

மல்லிகா ஓடிப்போய் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, தாளில் மடித்து வேலிக்கு மேலே நீட்டினார். காமாட்சி ஊதினார். ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். இன்னொன்றையும் போட்டார். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உப்பு பத்தல," என்றார் காமாட்சி.

அதிகாரி சிரித்துக்கொண்டே தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டார். மல்லிகா உப்பு எடுக்க உள்ளே போனார்.